மணத்தைப் பயிரிடுகிறவர்கள்

பீருக்குக் கசப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், அதைக் குடிக்கிறவர்களில் பாதிப்பேராவது வாற்கோதுமையைச் சொல்வார்கள். முளைவிட்டுக் காயவைத்த வாற்கோதுமை தருவது தித்திப்பு. கசப்பைத் தருவது ஹாப்ஸ் என்ற கொடியில் விளையும் சின்னஞ்சிறு பச்சைக் கூம்பு. வழக்கமான பீரில் லிட்டருக்கு ஓரிரு கிராமிலிருந்து நாலைந்து கிராம் வரைதான் அது சேர்கிறது. அதையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது புளித்த தானியக் கஞ்சி.

இந்தக் கொடிக்குத் தமிழில் பெயர் கிடையாது. கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு, பிழி என்று மதுவகைகளுக்குப் பழந்தமிழில் பெயர்களுக்குக் குறைவில்லை. தேனிலிருந்து இறக்கியது, நெல்லிலிருந்து சமைத்தது, வயதானது, தெளிந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருந்தது. ஆனால் ஹாப்ஸ் நம் மண்ணில் வளராத செடி. வளராத செடிக்கு மக்கள் பெயர் வைப்பதில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் மட்டும் அவ்வப்போது ஒன்றை உருவாக்கிப் பார்ப்பார்கள், அது அந்தப் பக்கத்தோடு செத்துப்போகும். எனவே ஹாப்ஸ் என்றே சொல்வோம்.

இந்தக் கட்டுரை பீருக்குச் சிபாரிசு அல்ல. மணத்தைத் தவிர வேறெந்தப் பெரிய லாபமும் தராத ஒரு பயிர் ஐரோப்பாவின் ஒரு மூலையில் பல நூற்றாண்டுகளாகத் தாக்குப்பிடித்து வந்திருக்கிறது. இப்போது வெயில் அதன் கழுத்தைப் பிடித்திருக்கிறது. சீரகச் சம்பாவையும் மதுரை மல்லியையும் அறிந்தவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகப் படாது.

செக் நாட்டின் தலைநகர் பிராகுக்கு வடமேற்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் ஓஹ்ரே ஆற்றின் கரையில் ஜாடெட்ஸ் என்ற ஊர் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் அதற்கு ஸாட்ஸ் என்று பெயர். இரண்டாம் உலகப் போர் வரை அங்கே பெரும்பான்மையோர் ஜெர்மன் பேசியவர்கள். ஹாப்ஸ் வணிகத்தில் யூத வியாபாரிகளுக்கும் முக்கிய இடம் இருந்தது. யூதர்களை நாஜிகள் அழித்தார்கள். போர் முடிந்தபின் 1945, 46 ஆண்டுகளில் ஜெர்மானியர்கள் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டார்கள். ஊரின் பெயர்ப்பலகையிலிருந்து ஸாட்ஸ் போய்விட்டது. உலகச் சந்தையில் மட்டும் அந்த ஊர்க் கொடிக்கு இன்றும் ஸாட்ஸ் என்றுதான் பெயர். ஒரு மக்கள் கூட்டம் போனபிறகும் அவர்கள் மொழியின் சொல் ஒரு வாசனையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

செக் மொழியில் இதன் முழுப்பெயரை ஜாடெட்ஸின் முன்பருவச் சிவப்புக் கொடி என்று தமிழாக்கலாம். தண்டில் செந்நிறம் ஓடுவதால் அந்தப் பெயர். முன்பருவம் என்றாலும் மிகவும் முந்தியதல்ல, ஓரளவு முந்தியது. ஆகஸ்ட் 20 வாக்கில் அறுவடைக்கு வந்துவிடும்.

ஹாப்ஸ் கொடியை நம் வாசகர்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டுமானால் வெற்றிலைக் கொடிக்காலை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் உயரத்தை மூன்று பங்காக்க வேண்டும். ஏழு மீட்டர் உயரக் கம்பங்களின் மேல் கம்பிப் பந்தல். பந்தலிலிருந்து ஒவ்வொரு செடிக்கும் கம்பிகள் தொங்குகின்றன. வேர் நிலத்துக்கடியில் பதினைந்து இருபது ஆண்டுகள், சில இடங்களில் அதற்கும் மேல் உயிரோடு இருக்கும். கொடிதான் ஆண்டுதோறும் புதிதாகக் கிளம்புகிறது. பனி விலகும் மார்ச், ஏப்ரலில் மண்ணை விலக்கி வேர்க்கட்டையைக் கழிப்பார்கள். தளிர்கள் கூட்டமாக எழும். அவற்றில் இரண்டு மூன்றை மட்டும் ஒரு கம்பிக்குத் தேர்ந்தெடுத்துச் சுற்றிவிட்டு மற்றதைக் கிள்ளி எறிவார்கள். சுற்றுவது கடிகார முள் போகும் திசையில்தான். திசை மாற்றிச் சுற்றினால் கொடி தானே அவிழ்ந்துகொள்ளும். இந்த ஒரு வேலைக்கு இன்றும் இயந்திரம் இல்லை. குனிந்த முதுகும் கைவிரலும்தான்.

பிறகு கொடி ஓட ஆரம்பிக்கும். மே, ஜூனில் நல்ல வெப்பமும் ஈரமும் இருந்தால் ஒரே நாளில் 20, 30 சென்டிமீட்டர் ஏறும். ஜூன் கடைசியில் பந்தலின் உச்சியைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு பகல் நேரம் குறையத் தொடங்கும்போது கொடி, வளர்ந்தது போதும் என்று பூக்கத் தொடங்குகிறது. இதுதான் ஹாப்ஸ் ஏன் எல்லா ஊரிலும் வருவதில்லை என்பதற்கும் விடை. ஜாடெட்ஸ் 50-வது அட்சரேகையில் இருக்கிறது. அங்கே கோடையில் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. இங்கே நட்டால் கொடி வளரும் முன்பே பூக்கப் பார்க்கும், குளிர்கால உறக்கமும் கிடைக்காது. இந்தியாவில் இது வணிகப் பயிராக நிலைத்த இடம் இமாசலப் பிரதேசத்தின் லாஹுல் பள்ளத்தாக்கு. 1970-களில் அங்கே அறிமுகமாயிற்று. இப்போதும் அது சிறு பரப்புதான். பட்டாணியும் உருளைக்கிழங்கும் காலிபிளவரும் தந்த பணத்தின் முன் ஹாப்ஸால் நிற்க முடியவில்லை. நம் பீர் ஆலைகள் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கையே நம்பியிருக்கின்றன.

ஹாப்ஸில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. வேண்டியது பெண் கொடியின் கூம்புதான். மகரந்தம் சேர்ந்து விதை பிடித்துவிட்டால் எடை கூடும், தரம் குறையும். ஆகவே செக் நாட்டு ஹாப்ஸ் வட்டாரங்களில் ஆண் கொடியை வளர விடுவதில்லை. வேலியோரத்தில் காட்டுச்செடியாக முளைத்திருந்தாலும் பிடுங்கிவிடுவார்கள். விதை இல்லாததால் இனப்பெருக்கம் முழுவதும் வேர்த்துண்டு, தண்டுத்துண்டு மூலம்தான். அப்படியென்றால் தோட்டம் முழுவதும் ஒரே செடியின் நகல்கள். 1920-களில் கார்ல் ஓஸ்வால்ட் என்ற விஞ்ஞானி ஜாடெட்ஸ் பகுதியின் பழந்தோட்டங்களில் நல்ல செடிகளைப் பொறுக்கியெடுத்துப் பெருக்கும் வேலையைத் தொடங்கினார். அவர் பொறுக்கிய வரிசையிலிருந்து 31, 72, 114 என்ற எண்கள் நிலைத்தன. பிற்பாடு அவற்றிலிருந்து வைரஸ் நீக்கிய நாற்றுகள் வந்து விளைச்சலைக் கொஞ்சம் தூக்கிவிட்டன. ஆனால் அடிப்படையில் இது யாரும் இனக்கலப்புச் செய்து உருவாக்காத, வட்டாரமே வளர்த்தெடுத்த நாட்டு ரகம்.

நாட்டு ரகத்துக்குரிய எல்லா நோஞ்சான்தனமும் இதற்கு உண்டு. அடிச்சாம்பல் நோய் 1920-களில் ஐரோப்பிய ஹாப்ஸ் தோட்டங்களைத் தாக்கியதிலிருந்து இதை விடவில்லை. சாம்பல் நோயும் வரும். அசுவினிக்கும் சிலந்திப் பேனுக்கும் இது பிரியமான இடம். விளைச்சலோ ஹெக்டேருக்கு ஏறக்குறைய ஒரு டன் உலர்ந்த கூம்பு. நல்ல ஆண்டில் கொஞ்சம் கூடும், வறண்ட ஆண்டில் வெகுவாகக் குறையும்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஹாப்ஸின் கசப்புக்குக் காரணம் கூம்பின் இதழடியில் இருக்கும் மஞ்சள் தூள். லுபுலின் என்று பெயர். விரலில் தேய்த்தால் பிசுபிசுக்கும். அதில் ஆல்ஃபா அமிலங்கள் என்ற பிசினும், ஆவியாகும் எண்ணெயும் இருக்கின்றன. பிசின் கசப்பைத் தருகிறது, எண்ணெய் மணத்தைத் தருகிறது. ஸாட்ஸில் ஆல்ஃபா அமிலம் 2.5 முதல் 4.5 சதவீதம்தான். ஹெக்டேருக்கு ஒரு டன், அதில் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஹெக்டேரிலிருந்து 35 கிலோ கசப்பு. ஜெர்மனியின் ஹெர்குலெஸ் போன்ற நவீன ரகத்தில் ஆல்ஃபா 16 சதவீதம் வரை போகும், விளைச்சல் இரண்டரை டன். அதாவது ஹெக்டேருக்கு 400 கிலோ கசப்பு. பதினோரு மடங்குக்கும் மேல்! பீர் ஆலையின் கொள்முதல் அதிகாரி கசப்பைக் கிலோ கணக்கில் வாங்குபவராக இருந்தால் ஸாட்ஸ் விவசாயி கதவைத் தட்டவே வேண்டாம்.

ஆனாலும் தட்டுகிறார், வாங்குகிறார்கள். அதற்குக் காரணம் எண்ணெய். அதுவும் கொஞ்சம்தான், 100 கிராம் கூம்பில் ஒரு மில்லிலிட்டர்கூட இருக்காது. அந்தச் சொட்டுக்குள் நூற்றுக்கணக்கான பொருள்கள். மிர்சீன் என்பது ஒன்று. நம் மாம்பழத்திலும் அது உண்டு. பெரும்பாலான புது ரகங்களில் இது எண்ணெயில் பாதிக்கு மேல் இருந்து பச்சை வாடையைத் தூக்கலாக்கும். ஸாட்ஸில் மிர்சீன் அடக்கம். ஹாப்ஸின் தாவரப் பெயரிலிருந்தே பெயர்பெற்ற ஹ்யூமுலீன் கணிசமாக இருக்கிறது. மிளகிலும் கிராம்பிலும் உள்ள கேரியோஃபிலீன் கொஞ்சம். கொத்தமல்லி விதைக்கு மணம் தரும் லினலூல் சிறிதளவு. இதை மற்ற ரகங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது ஃபார்னசீன். பல ரகங்களில் இது ஒரு சதவீதத்தைத் தொடாது. ஸாட்ஸ் எண்ணெயில் 14 முதல் 20 சதவீதம். ஆய்வுக்கூடத்தில் ஸாட்ஸைக் கண்டுபிடிக்கும் அங்க அடையாளம் இதுதான். அசுவினிகள் ஆபத்து நேரத்தில் தம் கூட்டத்தை எச்சரிக்க வெளிவிடும் பொருளும் இதே குடும்பம் என்பது ஒரு வேடிக்கை. அந்த எச்சரிக்கையை ஹாப்ஸ் அசுவினி பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

இந்த மணத்தை எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் காரமணம், மண்மணம், மூலிகைமணம், பூமணம் என்று அடுக்குகிறார்கள். தமிழில் நாம் இந்த விஷயத்தில் ஏழைகள் அல்ல. மணம், வாசம், வாசனை, கமழ்ச்சி, நறுமை, வெறி என்று சொற்கள் உண்டு. நாற்றம் என்பதும் ஒரு காலத்தில் நல்ல மணம்தான். ஸாட்ஸின் மணம் கமழ்ச்சி வகை. அருகில் போனால் தெரியும், துரத்திக்கொண்டு வராது. காய்ந்த புல், லேசான மிளகு, மழை விழுந்த மண், எங்கோ தூரத்தில் ஒரு பூ. 2008-ல் வந்த சிட்ரா போன்ற அமெரிக்க ரகங்கள் பழக்கடைபோல் மணக்கும். அவற்றைப் பழகிய மூக்குக்கு ஸாட்ஸ் சப்பென்றிருக்கலாம்.

உற்பத்தியில் இதைப் பயன்படுத்துவதும் ஒரு தனிக் கலை. மால்ட் சாற்றில் ஹாப்ஸை வெறுமனே ஊறப்போட்டால் கசப்பு சரியாக இறங்காது. ஆல்ஃபா அமிலம் நீரில் எளிதில் கரையாதது. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கொதிக்க வைத்தால் அதன் மூலக்கூறு அமைப்பு மாறி, கரைந்து, கசக்கிறது. அப்போதும் இட்டதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாகத்தான் பீரில் போய்ச் சேரும். கொதித்தால் கசப்பு வரும், மணம் போகும். எண்ணெயில் பெரும்பகுதி ஆவியோடு பறந்துவிடும். கொதிக்காவிட்டால் மணம் இருக்கும், கசப்பு இருக்காது. ஆகவே தவணை முறையில் போடுகிறார்கள். ஒரு பகுதி ஆரம்பத்திலேயே கசப்புக்கு. ஒரு பகுதி நடுவில். கடைசிப் பகுதி அடுப்பை அணைக்கும் தறுவாயில், மணத்துக்கு. ரசத்துக்குப் புளிக்கரைசலை முதலிலும் கொத்தமல்லித் தழையைக் கடைசியிலும் போடுகிறோமே, அதே நியாயம்தான்.

மற்ற நாடுகளில் முதல் தவணைக்கு ஏதாவது மலிவான கசப்பு ரகத்தைப் போட்டுக் கடைசித் தவணைக்கு மட்டும் வாசனை ரகத்தை வைத்துக்கொள்வார்கள். செக் நாட்டின் பழைய முறைப்படி மூன்று தவணையும் ஸாட்ஸ்தான். 100 லிட்டர் பீருக்கு ஓரளவு கசப்பேற்ற ஹெர்குலெஸ் என்றால் 80 கிராம் அளவில் போதும். ஸாட்ஸ் என்றால் 400 கிராம் வேண்டும். வீண்செலவு என்றே தோன்றும். ஆனால் ஐந்து மடங்கு கூம்பு போடும்போது கசப்போடு சேர்ந்து வேறு பலவும் இறங்குகின்றன. அந்தத் துவர்ப்பும் மென்மையும் பீருக்கு உடம்பைத் தருகின்றன. ஸாட்ஸின் கசப்பு நாக்கில் தங்கிக் குத்தாமல் இறங்கிவிடுவது என்று அதை விரும்புகிறவர்கள் சொல்கிறார்கள். கோஹ்யூமுலோன் என்ற ஒரு கூறு குறைவாக இருப்பதே காரணம் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள், அதில் இப்போது கருத்து வேறுபாடு உண்டு. கசப்பு மென்மையானது என்பதில் வேறுபாடு அதிகம் இல்லை.

இந்தக் கொடிக்கு உலகப் புகழ் தேடித்தந்தது வேறொரு ஊர். 1838-ல் பில்சென் நகரத்தார் தங்கள் ஊர் பீரின் தரம் பொறுக்காமல் 36 பீப்பாய்களை நகரமன்ற வாசலில் கொட்டினார்கள் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. பிறகு தாங்களே ஓர் ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசஃப் க்ரோல் என்பவரை வரவழைத்தார்கள். 1842 அக்டோபர் 5-ல் அவர் முதல் கொப்பரையை ஏற்றினார். அதுவரை ஐரோப்பிய பீர் பெரும்பாலும் மண்டிய கருநிறம். க்ரோலுக்குக் கிடைத்தது வெளிர்நிற மால்ட், உப்பே இல்லாத மென்மையான பில்சென் தண்ணீர், பக்கத்து வட்டாரத்து ஸாட்ஸ் ஹாப்ஸ். வெளிவந்தது பொன்னிறத்தில் தெளிந்த பீர். இன்று உலகில் விற்கும் பீரில் மிகப் பெரும்பகுதி, நம்மூர்க் கடைகளில் இருப்பது உட்பட, அந்தப் பில்ஸ்னரின் தூரத்துப் பேரப்பிள்ளைகள். பேரப்பிள்ளைகளில் பலர் ஸாட்ஸைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அறுவடை இந்த வட்டாரத்தில் ஒரு திருவிழாவாகவே இருந்திருக்கிறது. இயந்திரம் வருவதற்கு முன் ஆகஸ்ட் கடைசியில் நாடெங்கிலுமிருந்து ஆட்கள் கூம்பு பறிக்க வருவார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் பள்ளி, கல்லூரி மாணவர்களை ஹாப்ஸ் படை என்று அனுப்பிவைத்தார்கள். கட்டாயம்தான். ஆனால் வீட்டைவிட்டு விலகி, வயதொத்தவர்களோடு சில வாரங்கள். அந்தப் பின்னணியில் 1964-ல் லாடிஸ்லாவ் ரிக்மான் எடுத்த இசைப்படத்தைச் செக் மக்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். இப்போது கொடியை அப்படியே அறுத்துக் கொண்டுபோய் இயந்திரத்தில் கூம்பைப் பிரிக்கிறார்கள். பிரித்த கூம்பில் முக்கால் பங்குக்கு மேல் ஈரம். உடனே சூட்டறையில் உலர்த்திப் பத்து சதவீத அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சூடு 60 டிகிரியைத் தாண்டினால் மணம் போய்விடும், தயங்கினால் கூம்பு புழுங்கிக் கெடும்.

உலர்ந்த பின்னும் நிம்மதி இல்லை. சாதாரண அறை வெப்பத்தில் ஆறு மாதம் கிடந்தால் ஸாட்ஸின் ஆல்ஃபா அமிலத்தில் பாதி காணாமல் போகும். இன்று காற்று நீக்கிய பொட்டலமும் குளிர்பதனமும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் கந்தகப் புகைபோட்டு, கோணியில் இறுக்கி, முத்திரை குத்தினார்கள். ஜாடெட்ஸ் ஊரில் வானத்தைப் பார்த்து நிற்கும் அந்தப் புகைபோக்கிகளும் மாடிமாடியான கிடங்குகளும் அதற்குத்தான். 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ அந்தக் கிடங்குப் பகுதியையும் ஸ்டெக்னிக், ட்ர்னோவானி கிராமங்களின் தோட்டங்களையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்கு முன் 2007-ல் ஐரோப்பிய யூனியன் ஜாடெட்ஸ் ஹாப்ஸ் என்ற பெயருக்கே சட்டப் பாதுகாப்பு கொடுத்திருந்தது. மதுரை மல்லிக்கு 2013-ல் நாம் வாங்கிக்கொடுத்த புவிசார் குறியீட்டைப் போன்ற ஏற்பாடு.

பெயருக்குப் பாதுகாப்பு கொடுக்கலாம். மழைக்கு யார் பாதுகாப்பு கொடுப்பது?

ஜாடெட்ஸ் ஒரு மலைத்தொடரின் மழை மறைவில் இருக்கிறது. ஆண்டு மழை சுமார் 450 மில்லிமீட்டர், சென்னையில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்கு. அந்தக் கொஞ்சம் மழை சரியான மாதங்களில் பெய்ததால்தான் பயிர் நடந்தது. காற்று வறண்டிருந்ததால் பூஞ்சைநோய் கட்டுக்குள் இருந்தது, செம்மண் ஈரத்தைப் பிடித்துவைத்தது. இந்த நுட்பமான சமன்பாடு இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2021-ல் செக் நாட்டின் ஹாப்ஸ் விளைச்சல் 8,000 டன்னைத் தாண்டியது. மறு ஆண்டே வறட்சியில் 4,500 டன்னுக்கும் கீழே விழுந்தது. பயிர்ப் பரப்பு ஏறத்தாழ அதே 5,000 ஹெக்டேர், அதில் மிகப் பெரும்பகுதி ஸாட்ஸ். ஏற்றுமதியை நம்பி, ஜப்பான் முதலிய தூர நாடுகளின் ஆலைகளோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுவைத்திருக்கும் விவசாயிக்கு இப்படிப்பட்ட ஒரு வருஷம் போதும்.

2023 அக்டோபரில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இதைப் பெரிய அளவில் பார்த்தது. ஜெர்மனி, செக், ஸ்லோவேனியா நாடுகளின் வாசனை ஹாப்ஸ் தோட்டங்களை எடுத்துக்கொண்டு, 1994-க்கு முந்திய காலத்தையும் பிந்திய காலத்தையும் ஒப்பிட்டார்கள். கூம்பு முற்றுவது சுமார் 20 நாள் முந்திவிட்டது. ஹெக்டேருக்கு ஏறக்குறைய 200 கிலோ விளைச்சல் குறைந்திருக்கிறது. ஆல்ஃபா அமிலமும் சுமார் 0.6 சதவீதம் இறங்கியிருக்கிறது. மூன்றோ நாலோ சதவீதமே உள்ள ரகத்தில் 0.6 என்பது சின்ன எண் அல்ல. 2050-க்குள் விளைச்சல் 4 முதல் 18 சதவீதமும் ஆல்ஃபா 20 முதல் 31 சதவீதமும் குறையக்கூடும் என்பது அவர்கள் கணிப்பு.

கொடி முந்தி முற்றுவதில் என்ன தீங்கு என்று தோன்றலாம். முற்றும் காலம் கோடையின் உச்ச வெயிலில் போய் விழுகிறது என்பதுதான் தீங்கு. ஆகஸ்ட் இரவுகளின் குளிர்ச்சியில் நிதானமாகச் சேர வேண்டிய பிசின், ஜூலையின் கொதிப்பில் அவசரமாகச் சேர்கிறது, அல்லது சேராமலே போகிறது. நம் டெல்டாவில் குறுவை தவறிச் சம்பா பின்தள்ளிப் போகும்போது பயிரின் நாட்காட்டியே குழம்பிவிடுகிறதே, அதன் மறுபக்கம் இது.

என்ன செய்யலாம்? மூன்று வழிகள் பேசப்படுகின்றன. முதலாவது தண்ணீர். சொட்டுநீர்ப் பாசனம் போட்ட தோட்டம் தப்பிக்கிறது. ஆனால் பெரும்பாலான தோட்டங்கள் மழையை நம்பி அமைந்தவை, கோடையில் ஓஹ்ரே ஆற்றுக்கும் வேறு வேலைகள் உண்டு. இரண்டாவது இடம் மாறுவது. மேட்டு நிலத்துக்கோ நிலத்தடி நீர் மேலே இருக்கும் பள்ளத்துக்கோ போவது. இதில் ஒரு முரண் இருக்கிறது. உரிமையும் யுனெஸ்கோ பட்டமும் அந்த மண்ணுக்குக் கொடுக்கப்பட்டவை. கொடி நகர்ந்தால் பெயர் எவ்வளவு தூரம் கூட வரும்?

மூன்றாவது வழி புது ரகம். ஜாடெட்ஸில் உள்ள ஹாப்ஸ் ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகளாக இதில் ஈடுபட்டிருக்கிறது. 1990-களில் ஸ்லாடெக், பிரிமியன்ட் போன்ற இனக்கலப்பு ரகங்கள் வந்தன. அவை நன்றாக விளைந்தன, ஆனால் ஸாட்ஸ் ஆகவில்லை. பிந்திய ஆண்டுகளில் ஸாட்ஸின் ரத்தத்தை நெருக்கமாக வைத்துக்கொண்டு, ஸாட்ஸ் லேட், ஸாட்ஸ் பிரில்லியன்ட், ஸாட்ஸ் ஷைன் என்று பெயரிலும் அதைச் சுமந்த ரகங்கள் வெளிவந்திருக்கின்றன. விளைச்சல் அதிகம், வறட்சியைத் தாங்கும் திறன் கூடுதல். உலகின் மறுகோடியில் நியூஸிலாந்துக்காரர்களும் ஸாட்ஸைத் தாயாகவைத்து மோட்டுவேகா, ரிவாகா ரகங்களை உருவாக்கினார்கள். அங்கே அவை எலுமிச்சையும் கிரேப்ஃப்ரூட்டுமாக மணக்கின்றன. தாயின் சாயல் எங்கோ தெரிகிறது, அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பவனுக்கு இது பழகிய பிரச்சினை. மூலத்துக்கு நெருக்கமாக ஒன்றைச் செய்துவிடலாம். படிக்கிறவன் குறை சொல்லமாட்டான், சில இடங்களில் மூலத்தைவிட நன்றாகவும் ஓடும். ஆனாலும் மூலம் அலமாரியில் இருக்கும்வரைதான் மொழிபெயர்ப்புக்குப் பொருள். சரிபார்க்க மூலம் இல்லாமல் போனால் எது நெருக்கம், எது விலகல் என்று சொல்ல ஆள் இருக்காது. புது ஸாட்ஸ்கள் வரட்டும், வரத்தான் வேண்டும். விவசாயி பட்டினி கிடந்து மணத்தைக் காப்பாற்ற வேண்டுமென்று யாரும் கேட்க முடியாது. ஆனால் பழைய சிவப்புக் கொடியும் ஏதோ சில நூறு ஹெக்டேரிலாவது தோட்டமாக நிற்க வேண்டும். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாயில் இருப்பது போதாது. மணம் மண்ணும் பருவமும் கூடி வருவது.

அதற்கு வழி இருக்கிறது, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆல்ஃபா கிலோவுக்கு இவ்வளவு என்று விலை பேசும் வழக்கத்தை ஸாட்ஸ் விஷயத்தில் ஆலைகள் விட்டுவிட வேண்டும். ஹெக்டேர்க் கணக்கில், நல்ல ஆண்டையும் கெட்ட ஆண்டையும் சேர்த்து, ஐந்து பத்து வருஷத்துக்கு ஒப்பந்தம் போடலாம். 1842-லிருந்து இந்தக் கூம்பின் பேரைச் சொல்லிச் சம்பாதித்த தொழில் அது. லிட்டருக்கு நாலு கிராம்தான் செலவாகிறது. விலையை இரட்டிப்பாக்கினாலும் ஒரு கோப்பையில் ஏறும் தொகையைக் குடிப்பவர் கவனிக்கமாட்டார்.

சீரகச் சம்பாவுக்கு நாம் இதைச் செய்தோமா என்று ஜாடெட்ஸ் விவசாயி திருப்பிக் கேட்டால் பதில் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கும். அதிக விளைச்சல் ரகங்கள் நம் வயிற்றை நிறைத்தன, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வயிறு நிறைந்தபின் மணத்தைத் தேடினோம். அதற்குள் பல ரகங்களின் பெயர் மட்டும்தான் கிடைத்தது. செக்காரர்களுக்கு இன்னும் கொடியும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. அடுத்த சில கோடைகளுக்குள் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள அவர்களுக்குத் தண்ணீரும் நியாயமான விலையும் வேண்டும்.